எண்களால் மனத்தை ஆராய்ந்த ஸ்பியர்மேன்

தேர்வு முடிந்து தரவரிசை வெளியானதும் நம்மில் சிலர் முகம் மலரும். சிலர் முகம் வாடும். அத்தகைய தர எண்களைக் கொண்டே மனித மனத்தை ஆராய்ந்த அறிஞர் ஒருவரின் வாழ்வை இங்குக் காண்போம்.

சார்லஸ் ஸ்பியர்மேன் 1863ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்தார். இளமையில் இராணுவத்தில் சேர்ந்து பர்மாவில் பணிபுரிந்தார். ஆயினும் அவர் உள்ளம் தத்துவத்தையும் உளவியலையுமே நாடியது. 1897இல் அதிகாரிப் பதவியைத் துறந்து, ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் என்னும் பேராசிரியரிடம் மாணவராய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய 34! போயர் போரின்போது இராணுவம் மீண்டும் அழைக்கவே, படிப்பு தடைப்பட்டது. அவர் மனம் தளரவில்லை. 1906இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

இதனிடையே இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்து, 1904இல் இரு கட்டுரைகளை வெளியிட்டார். நாம் கணிதத்தில் கற்கும் தர ஒட்டுறவுக் கெழு அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஐந்து மாணவியர் கணிதத்தில் 1, 2, 3, 4, 5 என்றும், இசையில் முறையே 2, 1, 3, 5, 4 என்றும் தரம் பெற்றால், வேறுபாடுகளின் வர்க்கங்களின் கூடுதல் 4, கெழு 0.8. இரண்டு திறமைகளும் பெரிதும் இணைந்து செல்கின்றன என்பது இதன் பொருள்.

ஒரு பாடத்தில் சிறந்தோர் பிற பாடங்களிலும் சிறந்து விளங்கும் போக்கை அவர் கண்டார். எல்லாவற்றுக்கும் அடிப்படையாகப் பொது அறிவாற்றல் ஒன்றும், ஒவ்வொரு வேலைக்கும் தனித்திறன் ஒன்றும் உண்டு என்றார். காரணிப் பகுப்பாய்வு என்னும் முறை இவ்வாறே தோன்றியது. 1938இல் அமெரிக்க அறிஞர் தர்ஸ்டன், அறிவாற்றல் ஒன்றன்று, பல என வாதிட்டார். அவ்விவாதம் இன்றும் ஓயவில்லை.

அளவீட்டில் நேரும் பிழை உண்மையான தொடர்பைக் குறைத்துக் காட்டும் என்பதையும் ஸ்பியர்மேன் விளக்கி, அதைத் திருத்தவும் வழி வகுத்தார். தலைவலியோடு எழுதிய ஒரு தேர்வு நம் திறமையை முழுதும் காட்டாது அல்லவா?

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 1907 முதல் 1931 வரை பணியாற்றி, 1945இல் மறைந்தார். தரப்பட்டியலில் பின்தங்கியோரே, ஓர் எண் நம்மை முழுதும் அளந்துவிடாது. வயது கடந்ததென வருந்தும் பெற்றோரே, கற்பதற்குக் காலம் கடந்துவிடுவதில்லை. இவ்விரண்டையும் அவர் வாழ்வில் நாம் காண்கிறோம்.