ஊரின் பெயரில் கரைந்தவர்: ஜோஹன் மரியா ஃபரினா (1685–1766)

தோற்றுவாய்

அரியக்குடி என்றவுடன் இசையன்பர் நெஞ்சில் தோன்றுவது ஊர் அன்று; இராமானுஜ ஐயங்கார் (1890–1967) என்னும் பெருங்கலைஞரே. தென்திருப்பதி எனப் போற்றப்பெறும் திருவேங்கடமுடையான் கோயில் அமைந்த அச்செட்டிநாட்டு ஊர், தன் பெயரையே தன் மைந்தருக்கு வழங்கி அவரை நிலைபெறச் செய்தது. இதற்கு நேர்மாறான வரலாறும் ஒன்றுண்டு. ஐரோப்பாவில் ஒருவர், தமக்கு வாழ்வளித்த ஊரின் பெயரைத் தாம் படைத்த நறுமணத்திற்குச் சூட்டினார். ஊர்ப்பெயர் உலகெங்கும் பரவியது. படைத்தவர் பெயரோ மறைந்தது. அந்நறுமணமே நம் மக்கள் ‘யூடிகோலன்’ என வழங்கும் ஓ டி கொலோன். அவரே ஜோஹன் மரியா ஃபரினா.

பிறப்பும் வணிகமும்

ஃபரினா 1685ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 8ஆம் நாள், வட இத்தாலியின் மலைப்பகுதியிலுள்ள சாந்தா மரியா மஜோரே என்னும் சிற்றூரில் பிறந்தார். அம்மலைநாட்டார் பிழைப்பு நாடி வெளிநாடு செல்லும் வழக்கமுடையவர். செட்டிநாட்டு நகரத்தார் பர்மாவிற்கும் மலேயாவிற்கும் கொண்டுவிற்கப் போன வரலாற்றை அறிந்த நமக்கு இது புதிதன்று. அவருடைய தமையனார் ஜோஹன் பாப்டிஸ்ட், ரைன் ஆற்றங்கரையிலுள்ள கொலோன் நகரில் 1709இல் கடை தொடங்கினார். பட்டும் பின்னல் துணியும் பிற ஆடம்பரப் பொருள்களும் அங்கு விற்கப்பெற்றன. தம்பியார் 1714இல் அக்கடையில் சேர்ந்தார். 1732இல் தமையனார் மறைந்தபின் வணிகம் முழுவதும் அவர் பொறுப்பிற்கு வந்தது.

மணம் பிறந்த கதை

அக்காலத்து ஐரோப்பியச் செல்வர் கத்தூரி, புனுகு போன்ற கனத்த மணங்களையே பூசினர். ஃபரினாவின் நாட்டம் வேறாக இருந்தது. 1708இல் தமையனாருக்கு எழுதிய மடலில், மழை ஓய்ந்த இத்தாலிய இளவேனிற் காலையை நினைவூட்டும் மணம் ஒன்றைத் தாம் கண்டறிந்ததாக அவர் தெரிவித்தார். பெர்கமோட் என்னும் எலுமிச்சையினப் பழத்தின் தோலெண்ணெயே இவ்வகை நறுமணத்திற்கு உயிர்நாடி. எலுமிச்சை, ஆரஞ்சு, பூக்கள், மூலிகைகள் ஆகியவற்றின் சாரங்களும் தூய சாராயத்தில் உடன் கலக்கும். ஃபரினாவின் கலவை முறை அவர் குடும்பத்தின் மறைபொருளாகவே காக்கப்பெற்றது.

கலவையைக் கண்டுபிடித்ததைவிட அதனை மாறாமற் காத்ததே அவருடைய பெருஞ்சாதனை எனலாம். இயற்கைச் சாரம் ஆண்டுதோறும் மாறும்; மழை குறைந்தால் ஒரு மணம், வெயில் மிகுந்தால் வேறொரு மணம். கருவிகள் இல்லாத காலத்தில், தம் மூக்கின் நுண்ணுணர்வு ஒன்றையே துணையாகக் கொண்டு ஆண்டுதோறும் அதே மணத்தை அவர் வழங்கினார். கொலோன் பேராயரும் அரசியல் தலைவருமாகிய கிளெமென்ஸ் ஆகஸ்ட் உள்ளிட்ட உயர்குடியினர் அவருடைய வாடிக்கையாளராயினர்.

கீழைநாட்டுத் தொடர்பு

இம்மணம் முற்றிலும் மேலைநாட்டுச் செல்வம் அன்று என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. வாலை வடித்தலை வளர்த்தவர்களுள் அரபு அறிஞர் முதன்மையானவர். ஒன்பதாம் நூற்றாண்டினரான அல் கிந்தி, நறுமணங்களை வடிக்கும் முறைகளைத் தனி நூலாகவே எழுதினார். கசப்பு ஆரஞ்சு மரத்தை சிசிலிக்கும் ஸ்பெயினுக்கும் கொண்டு சென்றவர்களும் அரபியரே. அவர்கள் அதனை நாரஞ்ச் என்றனர். அச்சொல்லின் வேர் பாரசீகம், வடமொழி வழியே திராவிட மொழிகளுக்குச் செல்லும் என்பது மொழியறிஞர் பலர் கருத்து. நம் நாரத்தையும் அவ்வேரினதே. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய மலர்களுள் நரந்தமும் ஒன்றன்றோ?

கவர்ச்சியின் காரணம்

வேப்பிலைக்கட்டி இடிப்பதற்கு நாரத்தை இலையைக் கிள்ளியவர் இதனை எளிதில் உணர்வர். நரம்பைக் கிழித்த நொடியில் மணம் பளிச்சென எழும். சற்று நேரத்தில் அடங்கிவிடும். பழத்தோல் எண்ணெயிலுள்ள லிமொனீன் முதலிய பொருள்கள் விரைந்து ஆவியாவதே இதற்குக் காரணம். உடன் ஆவியாகும் சாராயம் உடலின் வெப்பத்தைக் கவர்ந்து செல்வதால் குளிர்ச்சி பிறக்கிறது. பிறரைத் தேடிச் சென்று தன்னை அறிவிக்காமல், பூசியவரைத் தேற்றிவிட்டு விடைபெறுவதே இம்மணத்தின் இயல்பு.

என் தந்தையார் தொழுகைக்குச் செல்கையில் அத்தரையே பூசுவார். சாராயம் கலந்ததை ஆடையில் தெளிக்க உடன்படார். ஆயினும் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் கண்டால், அலமாரியிலிருந்து யூடிகோலன் புட்டியை எடுத்துத் தருபவரும் அவரே. என் அன்னையார் ஈரத்துணியில் சில துளிகள் விட்டு எங்கள் நெற்றியில் இடுவார். நோய் தீர்ந்ததோ இல்லையோ, அச்சம் தீர்ந்தது. அன்னையார் இறுதியாகப் படுக்கையிலிருந்த நாள்களில் அத்துணியை அவர் நெற்றியில் இடும் கடமை எனக்கு வாய்த்தது. ஃபரினா என்னும் பெயரை அன்றும் நான் அறிந்திலேன்.

பெயர் போன வழி

ஃபரினா 1766ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 25ஆம் நாள் கொலோன் நகரிலேயே மறைந்தார். நெப்போலியன் இந்நறுநீரைப் பெரிதும் விரும்பிப் பயன்படுத்தியது அவர் காலத்திற்குப் பிற்பட்ட செய்தி. புகழ் பெருகப் பெருகப் போலிகளும் பெருகின. வணிகச் சின்னங்களைக் காக்கும் சட்டம் ஜெர்மனியில் 1874இல்தான் இயற்றப்பெற்றது. 1803இல் வில்ஹெல்ம் மூலென்ஸ் என்னும் வணிகர், இக்குடும்பத்தைச் சாராத வேறொரு ஃபரினாவிடமிருந்து பெயர் உரிமையை விலைக்கு வாங்கினார். அந்நிறுவனம் 1881இல் அப்பெயரைக் கைவிட நேர்ந்தபின் 4711 என்னும் தன் வீட்டு எண்ணையே பெயராக்கிக்கொண்டது. உலகில் மிகுதியாகப் பரவியதும் அவ்வெண்ணே. எனினும், ஃபரினா குடும்பத்தின் நிறுவனம் இன்றும் கொலோனில் நிலைபெற்றுள்ளது.

நிறைவாக

ஊரின் பெயரைச் சூட்டியதால் ஃபரினா தம் பெயரை இழந்தார் என்பர். புகலிடம் தந்த ஊருக்கு நன்றி செலுத்திய ஒருவருக்கு அது இழப்பாகுமா? பூசியவரைத் தேற்றிவிட்டு அகலும் மணம்போல, அவரும் பயன் தந்து மறைந்தார். ஆயினும், பயன் கொண்டவர் பெயரறிந்து நினைப்பதே முறை. என் அன்னையாரின் நெற்றியைக் குளிர்வித்த அந்நறுநீரை ஆக்கியவர்க்கு, காலம் கடந்தேனும் நான் செலுத்தும் நன்றி இக்கட்டுரை.