வால்டர் குரோப்பியஸ்

வால்டர் குரோப்பியஸ் (மே 18, 1883 - ஜூலை 5, 1969) ஜெர்மனியில் பிறந்த கட்டிடக்கலைஞரும் கட்டிடக்கலை ஆசிரியரும் ஆவார். 1919 ஆம் ஆண்டில் வைமார் நகரில் பௌஹவுஸ் என்னும் வடிவமைப்புப் பள்ளியை நிறுவியவர் இவரே. லெ கொபூசியே, மீஸ் வான் டெர் ரோ ஆகியோருடன் நவீன கட்டிடக்கலையின் முன்னோடிகளுள் ஒருவராக இவரும் கருதப்படுகிறார். எனினும், இவர் வடிவமைத்த கட்டிடங்களைவிட, கட்டிடக்கலைக் கல்வியில் இவர் உண்டாக்கிய மாற்றமே பரந்த தாக்கத்தை ஏற்படுத்தியது எனலாம். பழைய கட்டிடங்களைப் பார்த்து வரைந்து வடிவமைப்பைக் கற்கும் முறைக்கு மாற்றாக, பொருட்களைக் கையாண்டும் குழுவாக இயங்கியும் கற்கும் முறையை இவர் முன்வைத்தார்.

இளமைக் காலம்

குரோப்பியஸ் பெர்லினில் பிறந்தார். இவரது தந்தையார் அரசுக் கட்டிடத் துறை அலுவலர். தந்தையாரின் சிற்றப்பா முறையினரான மார்ட்டின் குரோப்பியஸ் 19 ஆம் நூற்றாண்டு பெர்லினின் புகழ்பெற்ற கட்டிடக்கலைஞர்களுள் ஒருவர். குரோப்பியஸ் 1903 இல் மியூனிக் நகரிலும், பின்னர் 1905 முதல் 1907 வரை பெர்லின் - சார்லொட்டன்பர்க் தொழில்நுட்பக் கல்லூரியிலும் கட்டிடக்கலை பயின்றார். ஆனால் பட்டம் பெறாமலேயே படிப்பை நிறுத்திவிட்டார்.

படம் வரைவது இவருக்கு இறுதிவரை கைவராத ஒன்றாகவே இருந்தது. பென்சிலைப் பிடித்தால் இவருடைய கை இறுகிவிடும். கல்லூரிப் பயிற்சிகளை முடிப்பதற்குக்கூடப் பணம் கொடுத்து ஒரு படவரைஞரை அமர்த்திக்கொண்டார். இந்தக் குறை தன்னுடைய தொழில் வாழ்வையே கெடுத்துவிடுமோ என்ற அச்சத்தை 1907 இல் தாயாருக்கு எழுதிய கடிதத்தில் வெளியிட்டுள்ளார். கட்டிடக்கலை மாணவனின் திறமை வரைபடத்தைக் கொண்டே அளக்கப்பட்ட காலம் அது. அக்காலத்தில் இது பெருங்குறையாகும். தமது எண்ணங்களை வாய்மொழியாக விளக்கி, பிறருடன் கலந்து பேசியே அவற்றுக்கு வடிவம் கொடுக்க வேண்டிய நிலை இவருக்கு ஏற்பட்டது. கூட்டு முயற்சி பற்றி இவர் பிற்காலத்தில் வலியுறுத்திய கருத்துக்கும் இந்த அனுபவத்துக்கும் தொடர்பு இருப்பதாகக் கருதுவதற்கு இடமுண்டு.

1908 இல் பீட்டர் பேரன்ஸ் என்னும் கட்டிடக்கலைஞரின் அலுவலகத்தில் சேர்ந்தார். பேரன்ஸ் ஒரு மின்பொருள் நிறுவனத்துக்காகத் தொழிற்சாலை முதல் விளக்கு வரை அனைத்தையும் வடிவமைத்து வந்தார். 1910 இல் தனித் தொழில் தொடங்கிய குரோப்பியஸ், அடோல்ஃப் மேயருடன் சேர்ந்து 1911 இல் அல்ஃபெல்ட் நகரில் பாகுஸ் தொழிற்சாலையை வடிவமைத்தார். மூலைகளில் தூண்கள் இல்லாமல் கண்ணாடிப் பரப்புகள் நேரடியாகச் சந்திக்கும் இக் கட்டிடம் 2011 இல் யுனெஸ்கோவின் உலக பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது.

அக்காலக் கட்டிடக்கலைக் கல்வி

அக்காலத்தில் பல நாடுகளில் கட்டிடக்கலைக் கல்விக்கு முன்மாதிரியாக விளங்கியது பாரிஸின் எக்கோல் தே போசார் பள்ளியாகும். மாணவர்கள் ஓர் ஆசானின் கலைக்கூடத்தில் சேர்ந்து பயில்வர். அவர்களுக்கு ஒரு கட்டிடத்தின் தேவைகள் எழுத்தில் தரப்படும். குறித்த மணி நேரத்துக்குள் ஒரு முதற்கட்ட வரைவை உருவாக்கி, பின்னர் அதன் அடிப்படைக் கருத்து மாறாமல் பல வாரங்கள் உழைத்து வண்ணம் தீட்டிய பெரிய படங்களாக விரிவாக்குவர். நடுவர் குழு அவற்றை மதிப்பிட்டுப் பரிசும் புள்ளியும் வழங்கும். கிரேக்க, உரோமத் தூண் வகைகளும் சமச்சீரான தளப்படங்களும் இக் கல்வியின் அடிப்படைகளாக இருந்தன. 1868 இல் வகுப்புகளைத் தொடங்கிய, ஐக்கிய அமெரிக்காவின் முதல் கட்டிடக்கலைப் பள்ளியான மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் இம் முறையைத் தழுவியது.

இம் முறை சிறந்த படவரைஞர்களை உருவாக்கியது. ஆனால் கல்லையும் மரத்தையும் இரும்பையும் தொட்டறியும் வாய்ப்பு மாணவர்களுக்கு அரிதாகவே கிட்டியது.

பௌஹவுஸ்

முதல் உலகப் போரில் குரோப்பியஸ் படையில் பணியாற்றிக் காயமடைந்தார். போர் முடிந்தபின், ஏப்ரல் 1919 இல் வைமாரில் இருந்த கலைக்கழகத்தையும் கைவினைப் பள்ளியையும் ஒன்றிணைத்துப் பௌஹவுஸ் நிறுவப்பட்டது. கலையைக் கற்பிக்க முடியாது, கைத்தொழிலைக் கற்பிக்கலாம் என்பதே இதன் அடிப்படைக் கருத்து. எல்லாக் கலைகளும் இறுதியில் கட்டிடத்தில் ஒன்றுசேர வேண்டும் என்பது அதன் நோக்கம்.

சேரும் மாணவர் அனைவரும் முதலில் ஆறு மாத அடிப்படைப் பயிற்சியை முடிக்க வேண்டும். ஜொகான்னஸ் இட்டென் உருவாக்கிய இப் பயிற்சியில், மாணவர்கள் பொருட்களின் தன்மை, வண்ணம், வடிவம், ஒளி - நிழல் வேறுபாடு ஆகியவற்றைத் தாமே சோதித்து அறிந்தனர். முன்மாதிரிகளைப் பார்த்துப் பின்பற்றுவதற்கு இதில் இடமில்லை. இட்டென் 1923 இல் விலகியபின் மொஹோலி நாகியும் ஜோசப் ஆல்பர்சும் இதனை நடத்தினர்.

அடிப்படைப் பயிற்சியை முடித்தவர்கள் மரவேலை, உலோகம், நெசவு, மட்பாண்டம், சுவரோவியம் முதலிய பட்டறைகளுள் ஒன்றில் சேர்ந்தனர். ஒவ்வொரு பட்டறையிலும் இரண்டு ஆசிரியர்கள் இருந்தனர். ஒருவர் வடிவம் கற்பிக்கும் கலைஞர். மற்றவர் தொழில் கற்பிக்கும் கைவினைஞர். பௌல் கிளீ, கண்டின்ஸ்கி போன்ற புகழ்பெற்ற ஓவியர்கள் முதல் வகையைச் சேர்ந்தவர்கள்.

1924 இல் துரிங்கியா மாநிலத்தில் ஆட்சிக்கு வந்த வலதுசாரி அரசு பள்ளிக்கான நிதியைக் குறைத்தது. இதனால் 1925 இல் பௌஹவுஸ் டெசாவ் நகருக்கு இடம்பெயர்ந்தது. அங்கே குரோப்பியஸ் வடிவமைத்த புதிய கட்டிடம் டிசம்பர் 4, 1926 இல் திறந்து வைக்கப்பட்டது. கண்ணாடிச் சுவருடன் கூடிய பட்டறைப் பகுதி, 28 அறைகள் கொண்ட மாணவர் விடுதி, சாலைக்கு மேலே செல்லும் பாலம் என அமைந்த இக் கட்டிடத்தில் மாணவர்கள் செய்த தளபாடங்களும் விளக்குகளும் பயன்படுத்தப்பட்டன. கட்டிடமே மாணவர்களுக்கு ஒரு பாடமாக அமைந்தது.

முரண்பாடுகள்

கட்டிடமே எல்லாக் கலைகளினதும் இறுதி இலக்கு என அறிவித்த பௌஹவுசில், முதல் எட்டு ஆண்டுகள் முறையான கட்டிடக்கலைத் துறை இருக்கவில்லை. 1927 இல்தான் ஹன்னஸ் மேயரின் தலைமையில் அது தொடங்கப்பட்டது. அதுவரை கட்டிட வடிவமைப்பில் ஈடுபாடு கொண்ட மாணவர்கள் குரோப்பியசின் தனி அலுவலகத்திலேயே அனுபவம் பெற வேண்டியிருந்தது.

பெண்களுக்கும் ஆண்களுக்கும் சம உரிமை என்று தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டது. ஆனால் பெண்கள் பெருமளவில் விண்ணப்பித்தபோது, குரோப்பியசும் ஆசிரியர் குழுவும் அவர்களுட் பெரும்பாலோரை நெசவுப் பட்டறைக்கே அனுப்பினர். குன்டா ஸ்டோல்சல், அன்னி ஆல்பர்ஸ் ஆகியோர் அங்கிருந்தே புகழ்பெற்றனர். உலோகப் பட்டறையில் இடம்பெற்று முன்னேறிய மரியான் பிராண்ட் ஒரு விதிவிலக்கு ஆவார்.

1928 இல் குரோப்பியஸ் பதவி விலகினார். அவருக்குப்பின் ஹன்னஸ் மேயரும், 1930 முதல் மீஸ் வான் டெர் ரோவும் இயக்குனர்களாக இருந்தனர். நாசிகளின் நெருக்குதலால் 1933 இல் பள்ளி பெர்லினில் மூடப்பட்டது.

இங்கிலாந்தும் ஐக்கிய அமெரிக்காவும்

1933 இல் ஜெர்மனியின் மைய வங்கிக் கட்டிடத்துக்கான போட்டியில் குரோப்பியஸ் பங்குபற்றினார். ஆனால் வாய்ப்புக் கிட்டவில்லை. 1934 இல் இங்கிலாந்துக்குச் சென்று மக்ஸ்வெல் பிரையுடன் இணைந்து பணியாற்றினார். இம்பிங்டன் கிராமக் கல்லூரி இவர்களது முக்கிய ஆக்கமாகும்.

1937 இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புப் பள்ளியில் பேராசிரியராகச் சேர்ந்த இவர், அடுத்த ஆண்டு கட்டிடக்கலைத் துறையின் தலைவரானார். போசார் முறைப் போட்டிப் படங்களுக்குப் பதிலாக, வீட்டுவசதி, பள்ளிகள், நகரப் புறப்பகுதிகள் போன்ற சமகாலத் தேவைகள் வடிவமைப்புப் பயிற்சிகளாயின. மாணவர்கள் குழுக்களாக இயங்குவது ஊக்குவிக்கப்பட்டது. ஐ. எம். பே, பிலிப் ஜான்சன், போல் ருடோல்ஃப் ஆகியோர் இக் காலத்தில் ஹார்வர்டில் பயின்றவர்களாவர். இவர்களுள் பலர் பிற்காலத்தில் தமக்கேயுரிய தனிப்பாணிகளைக் கொண்டிருந்தனர்.

பௌஹவுசின் அடிப்படைப் பயிற்சியை ஹார்வர்டிலும் புகுத்த வேண்டும் என்பது இவரது நெடுநாள் விருப்பம். பள்ளியின் தலைவர் ஜோசப் ஹட்நட் இதனை ஏற்கவில்லை. இருவருக்கும் இடையிலான கருத்து வேறுபாடு முற்றியது. 1950 இல் தொடங்கிய அடிப்படைப் பயிற்சி நீடிக்கவில்லை. 1952 இல் குரோப்பியஸ் பல்கலைக்கழகப் பணியிலிருந்து விலகினார்.

1945 இல் ஏழு இளம் கட்டிடக்கலைஞர்களுடன் சேர்ந்து, கட்டிடக்கலைஞர்களின் கூட்டுழைப்பு எனப் பொருள்படும் பெயருடன் ஓர் அலுவலகத்தைத் தொடங்கினார். அவர்களுள் இருவர் பெண்கள். நிறுவனத்துக்குத் தனி ஒருவரின் பெயர் சூட்டப்படவில்லை. அது 1995 வரை இயங்கியது.

இந்தியத் தொடர்புகள்

டிசம்பர் 1922 இல் கல்கத்தாவில் நடைபெற்ற கண்காட்சி ஒன்றில் பௌஹவுஸ் கலைஞர்களின் ஆக்கங்கள் இந்திய ஓவியர்களின் ஆக்கங்களுடன் வைக்கப்பட்டன. 1940களில் அச்யுத் கான்விந்தே ஹார்வர்டில் குரோப்பியசிடம் பயின்றார். 1947 இல் இந்தியா திரும்பிய அவர் பின்னர் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழக வளாகத்தை வடிவமைத்தார். கொல்கத்தாவை அடுத்த பராக்பூரின் காந்தி படித்துறை நினைவகத்தை வடிவமைத்த ஹபீப் ரகுமானும் அமெரிக்காவில் குரோப்பியசுடன் பணியாற்றியவர். இன்று தமிழ்நாடு உட்பட இந்தியாவின் பல கட்டிடக்கலைக் கல்லூரிகளில் முதலாண்டில் கற்பிக்கப்படும் அடிப்படை வடிவமைப்பு என்னும் பாடத்தின் வேர்கள் பௌஹவுசின் ஆறு மாதப் பயிற்சியில் உள்ளன.

விமர்சனங்கள்

கட்டிடக்கலை வரலாற்றைத் தொடக்கத்திலேயே படிக்கும் மாணவர்கள் பழையவற்றைப் போலச்செய்ய முற்படுவர் என்று குரோப்பியஸ் கருதினார். எனவே வரலாற்றுப் பாடத்தைப் பிந்திய ஆண்டுகளுக்குத் தள்ளவேண்டும் என வாதிட்டார். இதனால் ஒரு தலைமுறை மாணவர்கள் தமது மரபையும் நகரங்களின் வரலாற்றையும் போதிய அளவு அறியாமல் வெளிவந்தனர் எனப் பிற்காலத்தவர் குறை கூறினர். டெசாவின் டோர்ட்டன் பகுதியில் இவர் வடிவமைத்த 314 வீடுகளில், குடியிருந்தோர் சாளரங்களையும் முகப்புகளையும் தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொண்டனர். நியூயோர்க்கில் 1963 இல் கட்டி முடிக்கப்பட்ட, இவர் பங்களித்த பான் ஆம் கட்டிடமும் கடும் விமர்சனத்துக்கு உள்ளானது.

எனினும், வரையும் திறன் இல்லாதவரும் சிறந்த வடிவமைப்பாளராகலாம் என்பதை இவரது வாழ்க்கை காட்டியது. வடிவமைப்பு என்பது தனி ஒருவரின் கைத்திறன் மட்டுமன்று, பலர் கூடிச் சிந்திக்கும் செயல் என்ற கருத்து கட்டிடக்கலைக் கல்வியில் நிலைபெற்றதில் இவரது பங்கு பெரிது.

குடும்பமும் இறுதிக்காலமும்

குரோப்பியஸ் 1915 இல் இசையமைப்பாளர் குஸ்டாவ் மாலரின் கைம்பெண்ணான ஆல்மாவை மணந்தார். 1920 இல் மணமுறிவு ஏற்பட்டது. இவர்களது மகள் மனோன் 1935 இல் இளம்பிள்ளைவாதத்தால் இறந்தார். 1923 இல் இசே பிராங்கை மணந்தார். 1944 இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். 1969 இல் தமது 86 ஆவது வயதில் பாஸ்டன் நகரில் காலமானார்.

முக்கிய ஆக்கங்கள்

- பாகுஸ் தொழிற்சாலை, அல்ஃபெல்ட் (1911)
- பௌஹவுஸ் கட்டிடம், டெசாவ் (1926)
- டோர்ட்டன் குடியிருப்பு, டெசாவ் (1926 - 1928)
- குரோப்பியஸ் வீடு, லிங்கன், மசாசூசெட்ஸ் (1938)
- இம்பிங்டன் கிராமக் கல்லூரி, இங்கிலாந்து (1939)
- ஹார்வர்ட் பட்டமேற்படிப்பு மையம் (1950)
- அமெரிக்கத் தூதரகம், ஏதென்ஸ் (1961)