குரல் வணிகர் ஏவி. மெய்யப்பச் செட்டியார்

கடல் கடந்து பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் நகரத்தார் பொருளீட்டிய காலத்தில், காரைக்குடி இளைஞர் ஒருவர் குரலை வாணிகப் பொருளாகக் கொண்டார். ஏவி.எம். என்னும் மூன்றெழுத்தால் அறியப்பெறும் மெய்யப்பச் செட்டியாரே அவர். படத் தயாரிப்பாளராகவும் இயக்குநராகவும் அவர் கண்ட ஏற்ற இறக்கங்கள் அனைத்தையும் இக்குரல் வாணிகத்தின் தொடர்ச்சியாகவே காணல் தகும்.

28.7.1907 அன்று ஆவிச்சிச் செட்டியாரின் மகனாகப் பிறந்த மெய்யப்பர், தந்தையாரின் காரைக்குடிக் கடையில் இசைத்தட்டு விற்பனையில் ஈடுபட்டார். விற்பதோடு நில்லாமல், இசைத்தட்டுகளைத் தாமே உருவாக்கும் நோக்குடன் நண்பர்களோடு சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கினார். எக்குரலை மக்கள் விரும்புவர் என்னும் நுட்பத்தை அவர் கற்றது அங்கேதான்.

பேசும்படம் வந்தபோது அவரும் அத்துறையில் இறங்கினார். கல்கத்தா சென்று எடுத்த 'அல்லி அர்ஜுனா', 'ரத்னாவளி' ஆகிய இரு படங்களும் 1935இல் தோல்வியுற்றன. கைப்பொருள் கரைந்தது; ஆயினும் அவர் துறையை விட்டு விலகவில்லை. 1938இல் 'நந்தகுமார்' வெளிவந்தது. திரையில் தோன்றும் நடிகைக்கு லலிதா வெங்கட்ராமனைப் பாடவைத்து, பின்னணிப் பாடல் முறையைத் தமிழுக்கு அவர் அறிமுகப்படுத்தியது இப்படத்தில்தான். நடிப்பவரே பாடவேண்டும் என்னும் நியதி அன்று தளர்ந்தது.

1941இல் பம்மல் சம்பந்த முதலியாரின் 'சபாபதி' நாடகத்தை ஏ.டி. கிருஷ்ணசாமியுடன் சேர்ந்து இயக்கி, நகைச்சுவையில் வெற்றி கண்டார். கன்னட 'ஹரிச்சந்திரா'வைத் தமிழ்க்குரலால் பேசவைத்து 1944இல் வெளியிட்டு, மொழிமாற்றுப் படத்துக்கு வழி வகுத்தார். 1945இல் அவர் இயக்கிய 'ஸ்ரீவள்ளி'யில் நாயகி ருக்மிணியின் பாட்டு மனநிறைவு தரவில்லை. எடுத்து முடித்த படத்தில் பி.ஏ. பெரியநாயகியின் குரலைப் பொருத்தினார். இழப்புக்கு அஞ்சாமல் குறையைக் களைவது அவர் இயல்பு.

அவ்வாண்டு ஏவி.எம். நிறுவனம் உருவாயிற்று. உலகப்போர் முடிந்த நெருக்கடியில் புதிய படப்பிடிப்பு நிலையத்துக்குச் சென்னையில் மின்சாரம் கிடைக்கவில்லை. மெய்யப்பர் சொந்த மண்ணுக்கே திரும்பினார். காரைக்குடியை அடுத்த தேவகோட்டை ரஸ்தாவில் நாடகக் கொட்டகையும் கீற்றுக் குடிசைகளும் படப்பிடிப்புக் கூடங்களாயின. ப. நீலகண்டனின் 'தியாக உள்ளம்' நாடகம் அங்கே 'நாம் இருவர்' படமாயிற்று. 1947 பொங்கலை ஒட்டி வெளிவந்த அப்படத்தில் டி.கே. பட்டம்மாள் பாட, குமாரி கமலா ஆட, விடுதலைக்குச் சில திங்கள் முன்பே பாரதியின் விடுதலைப் பாடல் தமிழகமெங்கும் ஒலித்தது.

அப்பாடல்களை இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் பயன்படுத்தும் உரிமையை மெய்யப்பர் விலைகொடுத்து வாங்கியிருந்தார். வணிக நோக்கில் இதில் குறையில்லை. ஆனால் 1921இல் வறுமையிலேயே மறைந்த மகாகவியின் குரல் ஒரு தனி மனிதரின் உடைமையாகலாமா என்னும் வினா எழுந்தது. 1948இல் டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடலைச் சேர்த்தபோது, உரிமை கோரி வழக்கறிஞர் அறிவிப்பு சென்றது. டி.கே. சண்முகம் பணியவில்லை. நாரண துரைக்கண்ணன் முதலிய எழுத்தாளர்கள் பாரதி பாடல்களின் விடுதலைக்குக் குரல் எழுப்பினர். 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் அரசு பாரதி படைப்புகளை நாட்டுடைமையாக்க முனைந்தபோது, மெய்யப்பர் தம்வசமிருந்த உரிமையை விலை ஏதும் பெறாமல் அரசுக்கு வழங்கினார். உரிமை கோரியதும் அவரே; கொடையாக அளித்ததும் அவரே. ஒன்றை மறைத்து மற்றொன்றைப் போற்றுவது வரலாறாகாது. பெரும் பொருள் தரக்கூடிய உரிமையை விட்டுக்கொடுக்கும் உள்ளம் அவ்வணிகரிடம் இருந்தது என்பதே நாம் கொள்ளத்தக்கது.

1948இல் நிலையம் சென்னை வடபழனிக்குப் பெயர்ந்தது. வைஜயந்திமாலாவை அறிமுகப்படுத்திய 'வாழ்க்கை'யை 1949இல் அவரே இயக்கினார். பின்னர் இயக்கும் பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைத்துத் தயாரிப்பில் கருத்தூன்றினார். நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ. பெருமாளுடன் இணைந்து உருவாக்கிய 'பராசக்தி' (1952) சிவாஜி கணேசனையும், 'களத்தூர் கண்ணம்மா' (1960) சிறுவர் கமலஹாசனையும் தமிழுக்குத் தந்தன. 12.8.1979 அன்று மெய்யப்பர் மறைந்தார்.

அவர் எடுத்த படங்களுள் சில நினைவில் நிற்கும்; சில மறையும். பாரதியின் பாடலை எவரிடமும் இசைவு கேளாமல் இன்று நாம் மேடையில் பாடுகிறோம். அவ்வுரிமை போராடியவர்களால் கேட்கப்பட்டது. காரைக்குடி வணிகர் ஒருவரால் விட்டுக்கொடுக்கப்பட்டது. கவிஞர் கூடும் அவைகளில் இரு தரத்தாரையும் ஒருசேர நினைப்பது நம் கடன்.