காலராவின் வழி கண்ட மேதை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

மனிதக் கழிவைக் கண்டால் மூக்கைப் பொத்துகிறோம். அதை அள்ளுபவரைக் கண்டால் ஒதுங்கி நடக்கிறோம். நோய் தொற்றிவிடுமோ என்ற அச்சமே காரணம். இந்த அச்சத்தில் மெய் எது, வீண் எது என்று பிரித்தறிய வழி காட்டியவர் ஜெர்மானிய மேதை இராபர்ட் கோக்.

கோக், 1843-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் கிளவுஸ்தால் என்னும் சுரங்க நகரில் பிறந்தார். மருத்துவம் பயின்று சிற்றூர் ஒன்றில் பணிபுரிந்தார். ஆய்வுக்கூட வசதி எதுவும் இல்லாத அவ்வூரில், தம் வீட்டிலேயே நுண்ணோக்கியை வைத்து ஆராய்ந்தார். அடைப்பான் நோய்க்குக் காரணம் ஒரு கிருமியே என்று 1876-இல் நிறுவினார். 1882-இல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார்.

1883-இல் எகிப்தில் காலரா பரவியது. ஜெர்மனி கோக்கின் குழுவை அனுப்பியது. பிரான்சும் ஒரு குழுவை அனுப்பியது. இறந்தோரின் குடலையும் நோயாளிகளின் மலத்தையும் நாள்தோறும் ஆராய்வதே அவர்கள் வேலை. பிரெஞ்சுக் குழுவைச் சேர்ந்த துய்லியே, 27 வயது இளைஞர், காலராவுக்கே பலியானார். ஆபத்தைக் கண்ணாரக் கண்டும் கோக் ஊர் திரும்பவில்லை, கல்கத்தாவுக்குக் கப்பலேறினார்.

அங்கே, 1884 சனவரியில், காற்புள்ளி போல் வளைந்த காலராக் கிருமியைத் தனியே பிரித்து வளர்த்தார். காலரா கண்டவரின் துணியைத் துவைத்த குளம் ஒன்றில், அக்கம்பக்கத்தார் குளித்தனர், அந்நீரையே குடித்தனர். அந்த நீரிலும் அக்கிருமி இருந்தது! ஈரத்துணியில் அது பெருகுவதையும், உலர்ந்தால் விரைவில் மடிவதையும் கோக் கண்டார். ஊருக்கு ஊர் குளமுள்ள நாஞ்சில் நாட்டார் நாம் மறக்கலாகாத பாடம் இது.

காலராக் கிருமி உடலுக்குள் புகுவது வாய் வழியே. அசுத்த நீரும், ஈ மொய்த்த உணவும், கழுவாத கையும் அதற்குப் பாதை. கொக்கிப்புழுவோ வெறுங்காலின் தோலைத் துளைத்துப் புகும். பாதை தெரிந்தால் அடைத்துவிடலாம்: கொதித்த நீர், சோப்பு, காலணி, கழிப்பறை.

என் தாய் ஒரு மருத்துவமனையில் துப்புரவுப் பணியாளர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்கத் தயங்கும் உறவினர் இன்றும் உண்டு. வேலை முடிந்ததும் முழங்கை வரை சோப்பிட்டுக் கழுவும் அந்தக் கைகளைக் கண்டு அஞ்ச விஞ்ஞானத்தில் இடமில்லை. அவருக்குக் கையுறையும் காலுறையும் தராதிருப்பதுதான் அஞ்சத்தக்கது.

1892-இல் ஹாம்பர்க் நகரில் 8,000-க்கும் மேற்பட்டோர் காலராவால் மாண்டனர். ஆற்றுநீரை வடிகட்டிக் குடித்த பக்கத்து ஊரான அல்டோனாவோ பெரும்பாலும் தப்பியது. கோக்கின் கூற்றுக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? 1905-இல் நோபல் பரிசு பெற்ற அவர், 1910 மே 27-இல் மறைந்தார். அக்கிருமி கக்கும் நஞ்சே பேதிக்குக் காரணம் என்பதை, 1959-இல், அதே கல்கத்தாவில் நம் நாட்டு அறிஞர் சம்புநாத் டே மெய்ப்பித்தார். கோக் தொடங்கிய பணியை ஓர் இந்தியர் தொடர்ந்தார் என்பது, விஞ்ஞானம் பயிலும் நமக்கெல்லாம் பெருமையன்றோ!