தெருவில் ரேஸ் விட்ட பசங்களுக்கு டிராக் கொடுத்தவர்: யார் இந்த மிக்கி தாம்சன்?

சிக்னலில் வண்டி நிற்கிறது. பக்கத்தில் இன்னொரு வண்டி வந்து நின்று, சும்மா ஒரு முறை ஆக்ஸிலரேட்டரை முறுக்குகிறது. பச்சை விழுந்ததும் யார் முதலில் கிளம்புவது? இந்த சபலம் வண்டி ஓட்டும் யாருக்கும் புதிதல்ல. அமெரிக்காவின் தெற்கு கலிபோர்னியாவில் இதே சபலம் 1940களின் கடைசியிலும் 1950களிலும் ஊருக்கே தலைவலியாக மாறியது. ராத்திரியானால் பொதுச் சாலையில் ரேஸ், போலீஸ் துரத்தல், விபத்து, சாவு.

அந்தப் பசங்களைத் தெருவிலிருந்து டிராக்குக்கு அழைத்து வந்தவர்களில் முக்கியமானவர் மிக்கி தாம்சன். அமெச்சூர் டிராக் ரேஸிங்கில் ஒருவர் ஏன், எப்படி மாட்டிக்கொள்கிறார் என்பதைப் புரிந்துகொள்ள இவருடைய கதை போதும். ஏனென்றால் முதலில் மாட்டியவர்களில் இவரும் ஒருவர்.

டிராக் ரேஸ்னா என்ன?

நேரான ஓடுபாதை. தூரம் கால் மைல், அதாவது சுமார் 402 மீட்டர். இரண்டு வண்டிகள் நின்ற இடத்திலிருந்து ஒரே நேரத்தில் கிளம்பும். வளைவு கிடையாது, பல சுற்றுகள் கிடையாது. கோட்டை முதலில் தாண்டியவர் அடுத்த ரவுண்டுக்குப் போவார், தோற்றவர் வெளியே. வீட்டுக் கார் என்றால்கூட இருபது வினாடிக்குள் கதை முடிந்துவிடும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய இளைஞர்களிடம் கொஞ்சம் மெக்கானிக் அறிவு இருந்தது. பழைய ஃபோர்டு கார்கள் மலிவாகக் கிடைத்தன. மட்கார்டைக் கழற்றி எடையைக் குறைப்பது, இன்ஜினைப் பிரித்து பவர் கூட்டுவது என்று கிளம்பினார்கள். இப்படி உருவான கார்தான் ஹாட் ராட். அதை முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்க, மொஹாவி பாலைவனத்தில் எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிகள் இருந்தன. ஆனால் அங்கே போய்வர ஒரு நாள் ஆகும். தெரு வாசலிலேயே இருந்தது. சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

பத்திரிகை அச்சகத்தில் வேலை, மனசெல்லாம் கார்

மிக்கி தாம்சன் 1928 டிசம்பர் 7 அன்று கலிபோர்னியாவின் அல்ஹாம்ப்ராவில் பிறந்தார். இருபதுகளில் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் நாளிதழின் அச்சகத்தில் மெஷின் ஓட்டுபவராக வேலை. அந்த வேலையோடு சேர்த்துத்தான் காரைக் கழற்றி மாட்டுவதும் ரேஸ் ஓட்டுவதும்.

1953-ல் மெக்சிகோவின் புகழ்பெற்ற கரேரா பனாமெரிக்கானா ரேஸில் அவர் ஃபோர்டு கார் ஓட்டினார். பொதுச் சாலைகளிலேயே நடக்கும் ரேஸ் அது. அதில் அவருடைய கார் விபத்தில் சிக்கி, வேடிக்கை பார்க்க வந்திருந்தவர்கள் உயிரிழந்தனர். பொதுச் சாலையும் வேகமும் கூட்டமும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அவர் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தே பார்த்துவிட்டார்.

சீட்டைப் பின்னால் தள்ளிய ஐடியா

டிராக் ரேஸில் எல்லோருக்கும் வரும் பிரச்சினை ஒன்று உண்டு. பவர் கூடக் கூட, கிளம்பும்போது பின் டயர் பிடிப்பில்லாமல் வெறுமனே சுற்றும். புகை வரும், கார் நகராது. இதற்கு தாம்சன் 1954 வாக்கில் கண்டுபிடித்த தீர்வு ரொம்ப சிம்பிள்: டிரைவர் சீட்டைத் தூக்கி பின் அச்சுக்கும் பின்னால் வைத்துவிட்டார். எடை பின் டயர் மேல் இறங்கியது, பிடிப்பு கிடைத்தது.

உண்டிவில்லில் வைத்த கல் மாதிரி டிரைவர் காரின் கடைசியில் உட்கார்ந்திருப்பார். அதனால் இந்த வடிவத்துக்கு ஸ்லிங்ஷாட் என்றே பெயர் வந்தது. முதல் ஸ்லிங்ஷாட்டைக் கட்டியவர் என்ற பெருமை தாம்சனுக்கே தரப்படுகிறது. 1955-ல் கன்சாஸ் மாநிலத்தின் கிரேட் பெண்டில் நடந்த முதல் தேசிய டிராக் போட்டியில் அந்தக் கார் மணிக்கு 240 கி.மீ. வேகத்தைத் தாண்டியது. அடுத்த பதினைந்து வருடங்களுக்கும் மேலாக இந்த வடிவம்தான் டிராக் உலகை ஆண்டது.

லயன்ஸ் கிளப் போட்ட டிராக்

நம்ம ஊரில் கண் சிகிச்சை முகாம் பேனர்களில் பார்ப்போமே, அதே லயன்ஸ் கிளப்தான். லாஸ் ஏஞ்சல்ஸ் துறைமுகத்தை ஒட்டிய பகுதியில் இருந்த லயன்ஸ் கிளப்கள் ஒன்று சேர்ந்து, பசங்களைத் தெருவிலிருந்து மீட்க ஒரு டிராக் போட்டன. 1955 அக்டோபரில் லயன்ஸ் டிராக் ஸ்ட்ரிப் திறந்தது. அதன் முதல் மேனேஜர் மிக்கி தாம்சன்.

இதுதான் முதல் டிராக் என்று சொல்ல முடியாது. 1950-லேயே சான்டா ஆனா விமான நிலையத்தில் சி.ஜே. ஹார்ட் என்பவர் ஒன்றை நடத்த ஆரம்பித்திருந்தார். 1951-ல் வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கி விதிகளைக் கொண்டுவந்தார். ஆனால் லயன்ஸுக்கு ஒரு இயற்கையான ப்ளஸ் இருந்தது: கடல் மட்டத்துக்கு அருகில் இருப்பதால் அடர்த்தியான காற்று. காற்று அடர்ந்தால் இன்ஜினுக்கு ஆக்ஸிஜன் அதிகம், பவரும் அதிகம். வேறு இடத்தில் ஓட்டியதைவிட இங்கே நேரம் நன்றாக வரும் என்ற பேச்சு பரவியது.

மாட்டுவது எங்கே?

கிரிக்கெட்டில் ஸ்டேடியத்துக்குள் இறங்க வருடக்கணக்கில் உழைக்க வேண்டும். டிராக்கில் அப்படி இல்லை. எந்தக் காரில் வேலைக்குப் போகிறீர்களோ, அதே காரைக் கொண்டுவந்து, பாதுகாப்புப் பரிசோதனை முடித்து, கட்டணம் கட்டிவிட்டு வரிசையில் நிற்கலாம். அன்றைக்கே ஓட்டலாம்.

ஓடி முடித்ததும் நேரமும் வேகமும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு கைக்கு வரும். உண்மையில் ஆளைப் பிடித்து இழுப்பது இந்தச் சீட்டுதான். தெருவில் ஜெயித்தால் நண்பர்களிடம் வாய்ச்சவடால் மட்டும் மிஞ்சும். இங்கே நொடியின் நூறில் ஒரு பங்கு வரை கணக்கு கையில் இருக்கும். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினால் என்ன ஆகும்? டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னியை எடுத்துவிட்டால்? கியரைக் கொஞ்சம் தாமதமாக மாற்றினால்? ஒவ்வொரு கேள்விக்கும் அடுத்த சீட்டில் பதில் இருக்கும். அடுத்த வாரமும் வந்தே ஆக வேண்டும்!

காசுள்ளவன்தான் ஜெயிப்பான் என்ற கவலையும் குறைவு. எடைக்கும் இன்ஜினுக்கும் ஏற்ப கார்களை வகை பிரித்து ஓட விடுவார்கள். பின்னாளில் வந்த பிராக்கெட் முறையில், தன் கார் எத்தனை வினாடியில் ஓடும் என்று டிரைவரே முன்கூட்டிச் சொல்வார். மெதுவான காருக்கு அந்த வித்தியாசத்துக்குத் தகுந்தபடி முதலில் பச்சை விழும். சொன்னதைவிட வேகமாக ஓடினால் அவுட். ஆகவே பழைய வேன் ஓட்டுபவரும் பந்தயக் காரை ஜெயிக்கலாம்.

மணிக்கு 654 கி.மீ., ஆனாலும் ரெக்கார்ட் இல்லை

பசங்க இருபது வினாடியைப் பதினெட்டாக்க உழைத்தார்கள் என்றால், தாம்சனும் அதையேதான் செய்தார். அளவுதான் வேறு. நான்கு பான்டியாக் இன்ஜின்களை ஒரே காரில் பொருத்தி சேலஞ்சர் என்று பெயர் வைத்தார். 1960 செப்டம்பர் 9 அன்று யூட்டாவின் பான்வில் உப்புப் பரப்பில் அது மணிக்கு 406.60 மைல், அதாவது சுமார் 654 கி.மீ. வேகம் தொட்டது. 400 மைலைத் தாண்டிய முதல் அமெரிக்கர் அவர்.

உலக சாதனை என்று பதிவாக, ஒரு மணி நேரத்துக்குள் எதிர்த் திசையிலும் ஓட வேண்டும். இரண்டு ஓட்டங்களின் சராசரியைத்தான் எடுத்துக்கொள்வார்கள். திரும்பும் ஓட்டத்தில் கார் பழுதாகி நின்றது. சாதனை கைக்கு எட்டியும் புத்தகத்தில் ஏறவில்லை.

1964: வேகம் கேட்ட விலை

அடுத்து இண்டியானாபோலிஸ் 500. 1963-ல் சிறிய டயர், தாழ்வான உடல் கொண்ட கார்களுடன் தாம்சன் அங்கே போய் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தார். அந்தக் கார்களைக் கட்டுப்படுத்துவது கஷ்டம் என்ற விமர்சனமும் கூடவே வந்தது. 1964 மே 30, ரேஸின் இரண்டாவது சுற்று. தாம்சனின் காரை ஓட்டிய டேவ் மெக்டொனால்டு கட்டுப்பாட்டை இழந்து சுவரில் மோத, பெட்ரோல் டேங்க் வெடித்துத் தீப்பிடித்தது. பின்னால் வந்த எடி சாக்ஸின் காரும் அதில் சிக்கியது. இருவருமே இறந்தனர். அதன் பிறகு அங்கே அணிகள் பெட்ரோலை விட்டு மெத்தனாலுக்கு மாறின.

தெருவில் சாகும் பசங்களைக் காப்பாற்ற டிராக் நடத்திய அதே மனிதரின் காரில் ஒருவர் செத்துப்போனார். தாம்சனைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டியிருக்கிறது.

சைக்கிளில் தப்பியவர்கள்

1970களில் தாம்சன் பாலைவன ஆஃப் ரோடு ரேஸ்களுக்காக ஸ்கோர் என்ற அமைப்பைத் தொடங்கினார். பிறகு அந்த ரேஸைக் கால்பந்து ஸ்டேடியங்களுக்குள்ளேயே கொண்டுவந்தார். இந்தத் தொழிலில் மைக்கேல் குட்வின் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து, அது முறிந்து, கோர்ட் வரை போனது. தாம்சனுக்குப் பல லட்சம் டாலர் தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

1988 மார்ச் 16, காலை. பிராட்பரியில் உள்ள தங்கள் வீட்டு வாசலில் தாம்சனும் மனைவி ட்ரூடியும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவருக்கு வயது 59. சுட்ட இருவரும் சைக்கிளில் தப்பினர், கடைசி வரை பிடிபடவில்லை. கொலைக்கு ஏற்பாடு செய்ததாக குட்வின் 2007-ல்தான் குற்றவாளி என்று தீர்மானிக்கப்பட்டு, பரோல் இல்லாத ஆயுள் தண்டனை பெற்றார்.

இப்போது?

இரைச்சல் புகார்கள் பெருகியதால் லயன்ஸ் டிராக் 1972 டிசம்பரிலேயே மூடப்பட்டுவிட்டது. ஆனால் சொந்தக் காரோடு வந்து ஓட்டிவிட்டு சீட்டு வாங்கிப் போகும் வழக்கம் அமெரிக்கா முழுக்க இன்னும் நடக்கிறது.

தாம்சன் 1968-ல் சேலஞ்சர் 2 என்ற இன்னொரு காரையும் கட்டியிருந்தார். பான்வில்லில் மழை வந்து கெடுத்ததால் சாதனை முயற்சி நடக்காமலே அது ஷெட்டுக்குப் போனது. ஐம்பது வருடம் கழித்து, 2018 ஆகஸ்டில், மகன் டேனி தாம்சன் அதைப் புதுப்பித்து அதே உப்புப் பரப்பில் ஓட்டினார். இரண்டு ஓட்டங்களின் சராசரி மணிக்கு 448.757 மைல், சுமார் 722 கி.மீ. இந்த முறை இரண்டாவது ஓட்டத்தையும் கார் தாங்கியது.