ஜான் போஸ்டல்

ஜொனாதன் புரூஸ் போஸ்டல் (ஆகஸ்டு 6, 1943 - அக்டோபர் 16, 1998) ஓர் அமெரிக்கக் கணினி அறிவியலாளர் ஆவார். இணையத்தில் இணையும் வலையமைப்புகளுக்கு ஐபி முகவரித் தொகுதிகளை ஒதுக்கிய ஐயானா எனும் பதிவகத்தைத் தம் இறுதிக்காலம் வரை நடத்தியவர் இவரே.

இளமையும் கல்வியும்

இவர் கலிபோர்னியா மாநிலத்தின் அல்டடீனாவில் பிறந்தார். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் பயின்று, 1974 இல் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றார். மாணவராக இருந்தபோதே, இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் வலையமைப்புப் பணியில் ஈடுபட்டார். 1969 இல் தொடங்கிய ஆர்.எஃப்.சி எனப்படும் இணைய ஆவண வரிசையின் பதிப்பாசிரியராகவும் விளங்கினார். 1977 முதல் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றினார்.

முகவரி ஒதுக்கீடு

சிவகாசியின் அஞ்சல் குறியீட்டு எண் 626123. இதன் முதல் மூன்று இலக்கங்கள் அஞ்சல் பிரிப்பு மாவட்டத்தையும், எஞ்சியவை அஞ்சல் நிலையத்தையும் குறிக்கும். ஐபி முகவரியும் இவ்வாறே வலையமைப்பைக் குறிக்கும் பகுதி, அதிலுள்ள கணினியைக் குறிக்கும் பகுதி என இரண்டாகப் பிரிகிறது. ஒரே எண் இரு வலையமைப்புகளுக்குத் தரப்பட்டால் தரவு எங்குச் செல்வதென்பதில் குழப்பம் நேரும். எனவே ஒதுக்கீட்டுக்குப் பொதுவான ஒரு பதிவேடு இன்றியமையாதது. போஸ்டல் அப்பதிவேட்டைப் பேணினார்.

1981 செப்டம்பரில் இவர் பதிப்பித்த ஆர்.எஃப்.சி 791, 32 இருமஇலக்க முகவரியை வரையறுத்தது. இதனால் ஏறத்தாழ 430 கோடி முகவரிகள் கிடைத்தன. அவை பின்வரும் தொகுதிகளாக ஒதுக்கப்பட்டன:

- ஏ வகுப்பு: 1,67,77,216 முகவரிகள்
- பி வகுப்பு: 65,536 முகவரிகள்
- சி வகுப்பு: 256 முகவரிகள்

நடுத்தர நிறுவனங்களுக்கு சி வகுப்பு போதவில்லை. பி வகுப்போ தேவைக்கு மிகுதியாக இருந்தது. பி வகுப்புத் தொகுதிகள் விரைந்து தீர்ந்துவந்ததால், 1993 இல் வகுப்பற்ற முறை வரையறுக்கப்பட்டது. இதன்படி தேவைக்கேற்ற அளவில் தொகுதிகளை வழங்க இயன்றது. போஸ்டல் இணைந்து எழுதிய ஆர்.எஃப்.சி 2050 (1996), முகவரிகளைச் சிக்கனமாக வழங்குதல், வழிச்செலுத்தல் அட்டவணைகள் பெருகாது காத்தல், ஒதுக்கீட்டைப் பதிவு செய்தல் ஆகியவற்றை நோக்கங்களாகக் கொண்டது.

இந்தியாவும் இலங்கையும்

நாடுகளின் ஆள்களப் பெயர்களையும் ஐயானாவே ஒப்படைத்தது. இந்தியாவின் .இன் 1989 இலும், இலங்கையின் .எல்கே 1990 இலும் பதிவாயின. ஆசிய பசிபிக் பகுதிக்கான முகவரிப் பதிவகமான ஏப்னிக் 1993 இல் தொடங்கப்பட்டது. அதன்கீழ் இந்தியாவுக்கான தேசியப் பதிவகம் 2012 இல் செயற்படத் தொடங்கியது.

1998 நிகழ்வு

போஸ்டலின் பணிக்கு அமெரிக்க அரசின் ஆய்வு ஒப்பந்தங்கள் நிதியளித்தன. ஆயினும் அவருடைய அதிகாரம் பெரிதும் பொறியாளர்களின் நம்பிக்கையைச் சார்ந்தே இருந்தது. சனவரி 28, 1998 அன்று, ஆள்களப் பெயர்களின் மூல வழங்கிகளுள் அரசு சாராத எட்டினை நடத்தியோரிடம், மூலத் தரவைத் தமது வழங்கியிலிருந்து பெறுமாறு கேட்டார். அவர்களும் இசைந்தனர். அரசு எதிர்ப்புத் தெரிவித்ததும், இதனை ஒரு சோதனை என்று கூறிப் பழைய நிலைக்கு மாற்றினார். இணையத்தின் முகவரிகளும் பெயர்களும் யார் பொறுப்பில் இருப்பது என்ற வினாவை இந்நிகழ்வு வெளிப்படுத்தியது. அவ்வாண்டிலேயே இப்பொறுப்புகளை ஏற்க ஐகான் அமைப்பு உருவானது.

மறைவு

அதற்கடுத்த மாதமே, இதயக் கோளாறினால் தம் 55 ஆம் அகவையில் போஸ்டல் காலமானார். 1999 முதல் இணையச் சங்கம் இவர் பெயரில் விருது வழங்கி வருகிறது. 32 இருமஇலக்க முகவரிகளின் கடைசி ஐந்து பெருந்தொகுதிகளை, பெப்ரவரி 3, 2011 அன்று ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்கும் ஐயானா பகிர்ந்தளித்தது.