ஜான் பென்னிகுவிக்

கர்னல் ஜான் பென்னிகுவிக் (சனவரி 15, 1841 – மார்ச் 9, 1911) முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் ஆவார். தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு உழவர்களால் இன்றும் நன்றியுடன் நினைவுகூரப்படுபவர்.

இளமை

இவர் புனே நகரில் பிறந்தார். இவரது தந்தையும் தமையனும் 1849இல் இரண்டாம் ஆங்கிலேய-சீக்கியப் போரில், சிலியான்வாலா களத்தில் உயிரிழந்தனர். அடிஸ்கோம்ப் படைக் கல்லூரியில் பயின்ற இவர், சென்னை மாகாணப் பொறியாளர் படையில் சேர்ந்து 1860இல் இந்தியா வந்தார்.

பஞ்சமும் நிவாரணமும்

மழை பொய்த்ததால் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் பெரும் பஞ்சம் நிலவியது. நிவாரணப் பணிகளில் உழைத்தவர்களுக்கு அரசு கூலி வழங்கியது. ஆயினும் செலவைக் குறைக்கும் நோக்கில், ஆண் ஒருவருக்கான நாள் கூலி ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் எனக் குறைக்கப்பட்டது. பல இலட்சம் மக்கள் மாண்டனர். 1880இல் அறிக்கை அளித்த பஞ்ச ஆணையம், நிவாரணத்துடன் நில வரிச் சலுகையையும் பாசனப் பணிகளையும் வலியுறுத்தியது. பஞ்சத்திற்குப் பின் பெரியாற்றுத் திட்டம் புத்துயிர் பெற்றது.

அணை கட்டுதல்

மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் கலக்கும் பெரியாற்று நீரைக் கிழக்கே வைகைக்குத் திருப்பும் எண்ணம் பழமையானது. 1789இல் இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை இதனை ஆராய்ந்தார். 1808இல் கால்டுவெல் என்னும் ஆங்கிலேய அதிகாரி இது இயலாதது என்று கூறினார். 1882இல் திட்டத்தைத் திருத்தி வகுக்கும் பொறுப்பு பென்னிகுவிக்கிடம் ஒப்படைக்கப்பட்டது. 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது.

1887இல் பணி தொடங்கியது. காட்டு வெள்ளம் கட்டுமானத்தை அடித்துச் சென்றது. மலேரியா முதலிய நோய்களால் தொழிலாளர் பலர் இறந்தனர். 155 அடி உயர அணை சுண்ணாம்பு, சுர்க்கிக் கலவையால் எழுப்பப்பட்டது. ஏறத்தாழ ஒரு மைல் நீளச் சுரங்கம் வழியே நீர் மலையைக் கடந்து தமிழகப் பகுதியை அடைகிறது. 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார்.

இவர் தம் சொத்துகளை விற்று அணையைக் கட்டினார் என்ற செய்தி மக்களிடையே வழங்கினாலும், இத்திட்டம் சென்னை மாகாண அரசின் செலவில் பொதுப்பணித் துறையால் நிறைவேற்றப்பட்டதாகும்.

பயனும் நினைவும்

கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலம் இருபோக நெல் சாகுபடிக்கு இந்நீரை நம்பியுள்ளது. மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களும் பயன்பெறுகின்றன. ஓய்வுக்குப் பின் கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரியின் தலைவராகப் பணியாற்றிய பென்னிகுவிக், இங்கிலாந்தின் கேம்பர்லியில் காலமானார்.

லோயர்கேம்பில் இவருக்குத் தமிழ்நாடு அரசு அமைத்த மணிமண்டபம் 2013 சனவரி 15இல் திறக்கப்பட்டது. தேனி பேருந்து நிலையம் இவர் பெயரைத் தாங்கியுள்ளது. இவரது பிறந்தநாள் தைப் பொங்கலை ஒட்டி வருவதால், இப்பகுதி உழவர்கள் அன்று பொங்கல் வைத்து இவருக்கு நன்றி செலுத்துகின்றனர்.